மடக்குத் தொப்பி

ஏலத்தில் முப்பத்தொன்றாவது லாட்டுக்குச் சவரிநாதன் கையைத் தூக்கவில்லை. வெள்ளைக்காரர் காலத்து நெட்டித் தொப்பிகள் ஆறு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், மேலே இருந்ததன் விளிம்பில் காக்கித் துணி கிழிந்து உள்ளேயிருந்த வெள்ளை நெட்டி தெரிந்தது. அந்தக் கிழிசல் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியும். கோதண்டபாணி அதைப் போட்டுக்கொண்டு கீழ்ப்பாக்கத்தில் தள்ளுவண்டிக்காரனிடம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வண்டிக் குடையின் கம்பி குத்திக் கிழிந்தது. எண்பது வருஷத்துத் தொப்பி, கத்தரிக்காய் வாங்குவதற்கு. அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான், ஏதோ தொப்பிக்கு ஒரு பதக்கம் கிடைத்துவிட்டதைப் போல. நேரில் பேசும்போது எப்போதும் 'நீங்க', 'வாங்க'தான். மனசுக்குள் மட்டும் முதல் நாளிலிருந்தே 'அவன்'. செத்து இரண்டு மாதம் ஆகியும் அவன்தான். ஏலம் போடுகிறவர் மேடையில் நின்று, கயிற்றில் தொங்கிய கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒரு தரம், ரெண்டு தரம் என்று சொல்லி, சுத்தியலைத் தட்டினார், ஆறு தொப்பிகளும் சினிமாவுக்கு வாடகைச் சாமான் கொடுக்கிற ஒருவருக்குப் போயின. போகட்டும். சவரிநாதனிடம் நெட்டித் தொப்பி மட்டுமே பத்தொன்பது இருக்கிறது. அவற்றில் ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. கத்தரிக்காய் பார்த்த தொப்பி அவர் வீட்டில் கிடையாது. அவர் வந்தது ஐம்பத்தேழாவது லாட்டுக்காக, ஒரு மடக்குத் தொப்பிக்காக. அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலைப் பதினொரு மணிக்கு, இந்த ஆடுகிற நாற்காலியில், நீளக் கம்பியில் தொங்கி முனகுகிற மின்விசிறிக்கு நேர்கீழே, விசிறி இருந்தும் காற்று என்னவோ முன்வரிசைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. மனைவி புளோராவிடம் பென்ஷன்காரர்கள் சங்கத்துக் கூட்டம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அவளும் பூசை முடிந்து வியாசர்பாடியில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். மதியம் சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிக்கோங்க என்றாள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தார். தொப்பியை வாங்கி, அவள் திரும்பி வருவதற்கு முன்னால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம்.

எல்லாம் அவனுடையது. முப்பத்தொன்றிலிருந்து எழுபதுவரை நாற்பது லாட்டும் கோதண்டபாணியின் வீட்டிலிருந்து வந்தவை. டொரன்டோவிலிருந்து வந்த மகன் காரியம் முடிந்த ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் அட்டைப் பெட்டிகளில் போட்டு ஏலக்கூடத்துக்கு அனுப்பிவிட்டான். பாவம் என்று நாலு பேர் சொன்னார்கள். சவரிநாதனுக்கு அந்தச் செய்தி கேட்ட இரவு நன்றாகத் தூக்கம் வந்தது, அதற்காகக் காலையில் எழுந்து கொஞ்சம் வெட்கப்பட்டார். கொஞ்சம்தான். ஏனென்றால் தொப்பி என்றால் என்னவென்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இதே கூடத்தில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி ஒருவன் மேசை விளக்கு வாங்க வந்து, மடக்குத் தொப்பியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். வெள்ளைக்கார துரைமார்கள் நாடகம் பார்க்கப் போகும்போது போட்டுக்கொண்ட கறுப்புப் பட்டுத் தொப்பி. அழுத்தினால் சாப்பாட்டுத் தட்டு மாதிரிச் சப்பையாகிவிடும், நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். விளிம்பை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினால் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் விரிந்து ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து நிற்கும். சவரிநாதன் அந்தத் தொப்பிக்காக ஐந்து வருஷம் காத்திருந்தார். அப்போது ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை, அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஏலம் ஏறியது, ஒரு இடத்தில் அவர் மூச்சு விட்டார், அவ்வளவுதான், ஒரு மூச்சு, அதற்குள் விளக்கு வாங்க வந்தவன் கையைத் தூக்கிவிட்டான், சுத்தியல் விழுந்துவிட்டது. திரும்பிப் பார்த்து, "மன்னிக்கணும் சார், பார்த்ததும் பிடிச்சுப்போச்சு" என்றான். வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக்கொடுத்தான். பார்த்ததும் பிடித்துப்போனதாம். ஐந்து வருஷம் காத்திருந்தவன் டீயைக் குடித்துக்கொண்டு நின்றான், எட்டு நிமிஷத்துக்கு முன்னால் தொப்பி என்றால் என்னவென்றே தெரியாதவன் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இதை எதைப் போட்டுத் துடைக்கணும் சார், பூச்சி வராதா சார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொல்லித் தொலைத்தார். அதுதான் தப்பு. பாச்சா உருண்டை போடணும், ஆனால் பட்டின்மேல் படக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, பிரஷ்ஷை ஒரே திசையில் ஓட்டணும். ஒவ்வொன்றையும் அவன் கவனமாகக் கேட்டான், ஒன்றையும் செய்யவில்லை, அவன் தொப்பிகளுக்கு ஒன்றும் ஆகவுமில்லை.

முப்பத்தெட்டாவது லாட், ரயில் கார்டு போட்டுக்கொள்கிற தொப்பி. முப்பத்தொன்பது, தொப்பி ஊசிகள், வெல்வெட் அட்டையில் குத்தி வரிசையாக, முத்துத் தலை, கண்ணாடித் தலை, ஒன்று வெள்ளித் தலை. ஊசிகளைப் பார்த்ததும் புளோராவின் உதடு ஞாபகம் வந்தது. தைக்கும்போது ஊசியை உதட்டில் கவ்விக்கொள்வாள். பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர், வீட்டிலும் ஜன்னலோரம் மெஷின், பேசினால் ஊசி விழுந்துவிடும் என்று ம், ம் என்று தலையை மட்டும் ஆட்டுவாள். அந்தத் தொப்பியைத் தைத்தபோதும் அப்படித்தான். நினைக்க வேண்டாம் என்று ஊசிகளிலிருந்து கண்ணை எடுத்து மேடைக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்தார், ஆனால் அது வந்துவிட்டது, எப்போதும் போல. வாங்கி மூன்று மாதத்திலேயே கோதண்டபாணி பெரம்பூரில் அவர்கள் வீட்டுக்கு வந்தான், தொப்பியைத் தூக்கிக்கொண்டு. மடிக்கிற இடத்தில் பட்டு நைந்துவிட்டது சார், உள் துணியும் கிழிஞ்சிருக்கு, யார்கிட்டக் கொடுக்கறதுன்னு தெரியல, டீச்சர் கையிலதான் கொடுக்கணும்னு தோணிச்சு. டீச்சர் என்று அவன்தான் முதலில் கூப்பிட்டான். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் மிஸஸ் சவரிநாதன், இல்லாவிட்டால் அக்கா. புளோரா அதைத் தட்டு என்று நினைத்து வாங்கப் போனாள், அவன் குறும்பாக அதைத் திருப்பி விளிம்பில் தட்டினான், டப்பென்று அது எழுந்தது, புளோரா வீல் என்று கத்திவிட்டு, பிறகு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அந்தச் சிரிப்பைச் சவரிநாதன் பார்த்ததில்லை. அவள் அப்படிச் சிரிப்பாள் என்பதே அவருக்குத் தெரியாது. தன் வீட்டுக்குள்ளேயே இருந்த ஒரு அறையை இன்னொருத்தன் வந்து திறந்து காட்டிய மாதிரி இருந்தது. அவரும் சிரித்தார், சிரிக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று. மூன்று நாள் தொப்பி அவர்கள் வீட்டில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்து, அதன்மேல். அவர் ஐந்து வருஷம் ஆசைப்பட்டது அவர் வீட்டுக்குள் வந்து, அவர் சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அவருடையது இல்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

வியாழக்கிழமை. அதில்தான் மனசு சிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்த வியாழக்கிழமையில் ஒரு ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் போனாலும் சட்டை மாட்டிக்கொள்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீசிலிருந்து வந்தபோது மேசை காலியாக இருந்தது. எங்கே என்றார். "வந்தார், வாங்கிட்டுப் போனார்" என்றாள் புளோரா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே. சரி என்று சட்டையைக் கழற்றினார். மறுநாள் காலை கீழ்வீட்டு மிஸஸ் கிளாடிஸ் தண்ணீர் பிடித்துக்கொண்டு, உங்க ஃபிரண்ட் நேத்து மூணு மணிக்கே வந்தாரே, போகும்போது அஞ்சு அடிச்சது, ரொம்ப நல்ல மனுஷர், என்கிட்டகூட ஒரு வார்த்தை பேசிட்டுத்தான் போனார் என்றாள். மூன்று. ஐந்து. வந்தார், வாங்கிட்டுப் போனார். இந்த இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் எங்கே போயிற்று? ஒரு தொப்பியை வாங்குவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? டீ குடித்தார்கள் என்றால் கால் மணி. தையலைக் காட்டினாள், பார்த்தான், ஆஹா என்றான், இன்னொரு கால் மணி. காசு கொடுத்தான், வேண்டாம் என்றாள், இல்லை வாங்கிக்கணும் டீச்சர் என்றான், அதற்கொரு ஐந்து நிமிஷம். மிச்சம்? அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் கேட்டிருக்கலாம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஒரு வாரமாக நினைத்துக்கொண்டிருந்தது தெரிந்துவிடும். ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் அசிங்கம். இருபத்திரண்டு வருஷம் கழித்து எந்த வாயால் கேட்பது? அதற்குப் பிறகு அவன் எத்தனையோ தடவை வந்தான், எல்லாம் அவர் இருக்கும்போதுதான். புளோரா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அது இன்னும் மோசமாக இருந்தது. ஏன் உள்ளே போகிறாள்? முன்பு போகமாட்டாளே.

நாற்பத்தாறு. தொப்பி மாட்டுகிற தேக்கு ஸ்டாண்டு, ஆறு கொக்கிகள். பக்கத்து நாற்காலியில் இருந்த ஜலீல் பாய் அதை எடுத்தார். பழைய மரச்சாமான் வியாபாரி, முப்பது வருஷமாக இந்தக் கூடத்தில் பழக்கம். "என்ன சவரி சார், இன்னிக்குக் கையே எந்திரிக்கல? உங்க ஐட்டம்தானே எல்லாம்" என்றார். உங்க ஐட்டம். இதைத்தான் ஒருத்தனாவது எழுதியிருக்க வேண்டும். ஒரு வாரப் பத்திரிகையில் நான்கு பக்கம் போட்டார்கள், 'சென்னையின் தொப்பி மனிதர்' என்று, கோதண்டபாணி வைக்கோல் தொப்பி போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நிற்கிற படம், மடக்குத் தொப்பியைப் பாதி திறந்து பிடித்திருக்கிற படம். மூன்றாவது பக்கத்தில், 'தொப்பிகளைப் பராமரிக்கும் முறைகளை நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்தாராம்.' நண்பர் ஒருவர். சொல்லிக்கொடுத்தாராம். இவரிடம் நூற்று நாற்பத்து மூன்று தொப்பிகள், நான்கு கண்ணாடி அலமாரிகள், ஒவ்வொன்றுக்கும் அட்டையில் வருஷம், ஊர், துணி, அளவு எழுதி, சாவி எப்போதும் சட்டைப் பையில். நண்பர் ஒருவர். அவன் மூச்சு நின்ற அன்று கீழ்ப்பாக்கத்துக்குப் போனார், மாலை போட்டார், எல்லாரும் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இவர் தலையைப் பார்த்தார். தொப்பி அளவில் ஏழே முக்கால். இவருடையது ஆறே முக்கால். மடக்குத் தொப்பியை இவர் போட்டால் காதை மூடிக்கொண்டு கீழே இறங்கிவிடும், கிணற்று மூடி மாதிரி. அதனால் என்ன? போடுவதற்கா வாங்குகிறார்? அவன் போட்டான், அது அவன் புத்தி. வெள்ளிக்கிழமை சாமான் பார்க்க விடுகிற நாளில் வந்து அதைக் கையில் எடுத்தார், இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. உள்ளே கைவிட்டார். கருஞ்சிவப்பு உள் துணியில், ஓரத்தில், எறும்பு வரிசை மாதிரிக் குட்டிக் குட்டியாகத் தையல். அவர் சட்டைக் காலர்களில் தினமும் பார்க்கிற தையல். விரலால் தடவிக்கொண்டே போனார். முழுச் சுற்று. இந்தத் தையல் இருபத்திரண்டு வருஷம் அவன் நெற்றியில் பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, கல்யாண வீடுகளில், கடற்கரையில், எங்கெல்லாம் அதைப் போட்டுக்கொண்டு கோமாளித்தனம் பண்ணினானோ அங்கெல்லாம். துணி அந்த இடத்தில் வியர்வையில் கறுத்திருந்தது. வியர்வை அவனுடையது, நூல் அவளுடையது. தொப்பியைத் திரும்ப வைக்க மறந்து நின்றதைக் காவல்காரர் பார்த்துவிட்டு, தண்ணி வேணுமா சார் என்றார்.

ஐம்பத்தைந்து போயிற்று. ஐம்பத்தாறு, கப்பல் சீட்டுகள் ஒட்டிய தோல் தொப்பிப் பெட்டி, அதுவும் போயிற்று. சட்டை உள்பையில் பணம் இருக்கிறதா என்று மேலாகத் தொட்டுப் பார்த்தார். பதினைந்தாயிரம், மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்தது. மூன்று மாதம் என்றால் அவன் உயிரோடு இருக்கும்போதே. அதை இப்போதுதான் கவனித்தார். அவன் ஆஸ்பத்திரியில் படுத்த நாளிலிருந்தே எடுத்து வைக்க ஆரம்பித்திருக்கிறார். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று தன்னைத் தானே பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் உதவியாள் தொப்பியைத் தூக்கிக் காட்டினான், ஏலம் போடுகிறவர், "ஐம்பத்தேழு! மடக்குத் தொப்பி, ஒரிஜினல் பட்டு, ஸ்பிரிங் இன்னும் வேலை செய்யுது, ஆயிரத்துல ஆரம்பிக்கலாமா" என்றார். சினிமா வாடகைக்காரர் ஆயிரம் என்றார். சவரிநாதன் கையைத் தூக்கினார், ஆயிரத்து ஐந்நூறு. இந்தத் தடவை மூச்சு விடுவதில்லை என்று தீர்மானித்தார். இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றரைக்கு அவர் கையைத் தூக்கியபோது வாடகைக்காரர் உதட்டைப் பிதுக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மூணு ஐந்நூறு, ஒரு தரம். முடிந்தது. வீட்டில் எந்த அலமாரி, மேல் தட்டா, கண் உயரத்தில் இருக்கும் தட்டா, உள் துணியை மட்டும் மாற்றிவிட வேண்டும், வேறு யாரிடமாவது கொடுத்து, அந்தத் தையலைப் பிரித்து, மூணு ஐந்நூறு, ரெண்டு தரம்,

"நாலாயிரம்."

பின்னாலிருந்து வந்தது. பெண் குரல். சத்தம் போடாத, ஆனால் கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல், முப்பது வருஷம் நாற்பது பெண் பிள்ளைகளைப் பார்த்து நூலைக் கோர்த்துக்கோங்க என்று சொன்ன குரல். சவரிநாதனுக்கு அந்தக் குரல் தெரியும். திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வியாசர்பாடி. தங்கச்சி. ஒருவேளை வேறு யாராவது, இந்த மாதிரிக் குரல் இன்னொருத்திக்கு இருக்கக் கூடாதா? ஜலீல் பாய் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாரோ பெரியம்மா, கடைசி வரிசையில, நீலச் சேலை" என்றார். காலையில் பூசைக்குப் போகும்போது நீலச் சேலைதான் கட்டியிருந்தாள். அப்படியென்றால் அவர் பின்மண்டையை அவள் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வழுக்கையை அடையாளம் தெரியாமலா இருக்கும்? யார் கையைத் தூக்குகிறார் என்று தெரிந்துகொண்டேதான் நாலாயிரம் என்றிருக்கிறாள். கை தானாக மேலே போயிற்று. "நாலரை, இங்கே சார்." "ஐயாயிரம்" என்றது பின்னால் இருந்து. அவனுக்காகவா. அவனுடைய தொப்பிக்காகவா இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தாய். ஐந்தரை. "ஆறு." செத்த பிறகுமா. அவன் இருந்தபோது டீயை வைத்துவிட்டு உள்ளே போவாயே. ஆறரை. "ஏழு." கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது, எல்லாரும் ஒருதரம் அவரையும் ஒருதரம் பின்வரிசையையும் பார்த்தார்கள், ஏலம் போடுகிறவருக்கு உற்சாகம் வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணாலேயே பார்த்தார். எட்டு. "எட்டரை." ஒன்பது. "ஒன்பதரை." ஒவ்வொரு தடவையும் அவர் கை மேலே போகும்போது இது ஏலம் இல்லை, அந்த வியாழக்கிழமையைப் பற்றி அவளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது, ஊர் பார்க்க, பேசாமல், முதுகைக் காட்டிக்கொண்டு. அவளும் ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னாள். பத்து. "பத்தரை." பதினொன்று என்று கையைத் தூக்கினார், அவள் பதினொன்றரை என்றாள், அந்தக் குரலில் நடுக்கம் இல்லை, கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை. பசிக்கிறவர்கள் சோறு கேட்கிற மாதிரி இருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் அவள் அவரிடம் எதையும் இந்தக் குரலில் கேட்டதில்லை. அரிசி வேணும், காஸ் தீர்ந்துபோச்சு, மெஷினுக்கு பெல்ட் மாத்தணும். இப்படி ஒரு ஆசை அவளுக்குள் இருந்தது என்பதே பொறாமையாக இருந்தது. தொப்பிமேல் இல்லை, அவன்மேல்கூட இல்லை, அந்த ஆசைமேல், அது தன் பக்கம் ஒருநாளும் திரும்பாமல் இருந்ததே என்று. பையில் இன்னும் மூவாயிரத்து ஐந்நூறு மிச்சம் இருந்தது. கை தொடையில் கிடந்தது.

"விட்டுடாதீங்க சார்" என்று ஜலீல் பாய் காதருகில் கிசுகிசுத்தார். "அந்தம்மா பர்ஸைப் பிரிச்சுப் பார்த்துட்டாங்க. இன்னும் ஒரு தடவை ஏத்தினா முடிஞ்சுது, நம்ம கைக்கு வந்துடும்."

"அது என் வீட்டுக்காரி பாய்."

ஜலீல் பாய் ஒரு நிமிஷம் புரியாமல் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "அய்யோ, அப்போ எதுக்கு சார் இந்தச் சண்டை? யார் எடுத்தாலும் ஒரே வீட்டுக்குத்தானே போவுது!"

பதினொண்ணு ஐந்நூறு, மூணு தரம். சுத்தியல் விழுந்தது. ஒரே வீட்டுக்கு. சவரிநாதன் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார், ஒரே வீடு, ஒரே வீடு, முப்பத்தாறு வருஷமாக அப்படித்தான் அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறார். எழுந்தபோது நாற்காலி பின்னால் சாய்ந்தது, ஜலீல் பாய் பிடித்துக்கொண்டார்.

கூடத்துக்கு வெளியே, முற்றத்தில், விற்றதும் விற்காததுமான சாமான்கள் வெயிலில் நின்றன. பீரோக்கள், மேசைகள், கால் ஒடிந்த ஒரு பியானோ. புளோரா பணம் கட்டிவிட்டு வெளியே வந்தாள், செய்தித்தாளில் சுற்றிய தட்டையான பொட்டலம் கையில். அவரைப் பார்த்ததும் நின்றாள். ஒளிந்துகொள்ள இருவருக்குமே இடம் இல்லை.

"மீட்டிங் முடிஞ்சிடுச்சா?" என்றாள்.

"உன் தங்கச்சி எப்படி இருக்கா?"

அவள் உதட்டோரத்தில் ஏதோ ஓடி மறைந்தது. சிரிப்பாக ஆகவில்லை.

"முன்னாடியே சொல்லிடறேன், இது உங்க அலமாரிக்கு வராது" என்றாள். "என் மெஷின் மேல இருக்கும். அங்கேதான் வைப்பேன்."

"வெயில் படும் அங்கே."

"படட்டும்."

வெயில் அவர் தலையில் நேராக இறங்கியது. என்ன கேட்கப்போகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தார். "அவரை உனக்குப் பிடிச்சிருந்ததா?"

அவள் பொட்டலத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"பிடிச்சிருந்தது. அதுக்கு மேல எதுவும் நடக்கல, நீங்க நினைக்கற மாதிரி. ஆனா ஒண்ணுமே இல்லைன்னு சொன்னா அது பொய்."

"அந்த வியாழக்கிழமை அவர் மூணு மணிக்கு வந்தார். அஞ்சு மணிக்குத்தான் போனார்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கே தெரியுமா?"

"மறுநாள்."

"மறுநாள்லேர்ந்து." அவள் முகம் மாறிக்கொண்டே போயிற்று, கோபமா இரக்கமா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கேட்டிருக்கலாமேங்க."

"என்ன பேசினீங்க?"

"அவர் உங்க அலமாரியெல்லாம் சுத்திப் பார்த்தார். பார்த்துட்டு, டீச்சர், இத்தனை இருக்கே, இதுல உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு கேட்டார். எனக்கு ஒண்ணும் பிடிக்காதுன்னு சொன்னேன். சும்மா மரியாதைக்கு விட்டுடுவார்னு நினைச்சேன். அவர் ஏன்னு கேட்டார்." அவள் பொட்டலத்தின் மடிப்பை நீவிவிட்டாள். "அதைச் சொல்லி முடிக்கத்தான் ரெண்டு மணி நேரம் ஆச்சு. அவர் நடுவுல ஒரு வார்த்தை பேசல. டீ ஆறிப்போச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு, தொப்பியை எடுத்துக்கிட்டுப் போனார். அப்புறம் அதைப் பத்தி எப்பவும் பேசினதில்ல. யார்கிட்டயும் சொல்லவுமில்ல, இல்ல?"

"இல்ல" என்றார் சவரிநாதன்.

இருபத்திரண்டு வருஷமாக அவர் எதையெல்லாமோ தயாராக வைத்திருந்தார். கையைப் பிடித்தான் என்று சொல்லியிருந்தால் அதற்கு ஒரு கோபம் இருந்தது. இன்னும் மோசமாகச் சொல்லியிருந்தால் அதற்கும் ஒன்று இருந்தது, இரவில் படுத்துக்கொண்டு கூர்தீட்டி வைத்தது. இதற்கு ஒன்றும் இல்லை. அவன் உட்கார்ந்து கேட்டான். அவர் வீட்டில், அவர் நாற்காலியில், அவர் கட்டிய மனைவி எதைச் சொல்ல முப்பத்தாறு வருஷமாக வெங்காயம் நறுக்கிக்கொண்டும் ஊசியைக் கவ்விக்கொண்டும் இருந்தாளோ அதை முதல் ஆளாக உட்கார்ந்து கேட்டுவிட்டு, கேட்டதை யாருக்கும் சொல்லாமல் அப்படியே எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். தொப்பியைத் திரும்ப வாங்கலாம். அதை எந்த ஏலத்திலும் யாரும் தூக்கிக் காட்டப்போவதில்லை. இவ்வளவு பொறாமையை அவர் அவன் உயிரோடு இருந்தபோதுகூடப் பட்டதில்லை. ஒரு பீரோவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வழி வழி என்று வந்தார்கள், அவர் ஒதுங்கி நின்றார், அவர்கள் போகும்வரை ஒதுங்கியே நின்றார், பிறகு அவளிடம் திரும்பி வந்தார்.

"ஏன்?" என்றார்.

"என்ன ஏன்?"

"ஏன் ஒண்ணும் பிடிக்கல உனக்கு?"

புளோரா அவரை ரொம்ப நேரம் பார்த்தாள். கேட்கிறாரா, கேட்கிற மாதிரி இருக்கிறாரா என்று பார்க்கிற பார்வை. சுவரோரம் விலை போகாத ஒரு பழைய சோபா நிழலில் கிடந்தது, கைப்பிடியில் எண் ஒட்டி. அவள் போய் அதன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டித் தூசி போக்கினாள்.

"உக்காருங்க" என்றாள். "நேரமாகும்."